பதினொரு வருஷத்தில் பாதி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஓர் அட்டவணையிலிருந்து வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு முகம், ஒரு கனவு, பஸ்ஸில் காதில் விழுந்த ஒரு பேச்சு என்று கதை வருமாம். எனக்கு வாய்த்தது நான்கு நிரலும் பதினெட்டு நிரையும் கொண்ட ஒரு தாள். தலைப்பு, 'கல்விசார் ஆளணியின் தரங்களும் நியமனத் தகுதிகளும்'. இதைவிட வறண்ட ஒரு தலைப்பை நீங்கள் வாசித்திருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள், ஆறுதலாக இருக்கும்.

அந்தத் தாளை எழுதியவன் நான். பெயர் ஜூட்சன், வயது முப்பத்துநான்கு. அதை எழுதியபோது மேல்மலைப் பல்கலைக்கழகத்தின் உதவிப் பதிவாளர். (வரைபடத்தில் தேடாதீர்கள். பெயர் நான் வைத்தது. ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகிற பாதையில், மூடிக் கிடந்த ஒரு தேயிலை பெக்டரிக்குள் அதை உட்காரவைத்ததும் நான்தான். முன்பு கொழுந்து வாட்டிய மேல்மாடியில் நூலகம். மழை நாளில் புத்தகத்தைத் திறந்தால் தேயிலை மணக்கும். இந்த வசதியெல்லாம் கதையில்தான் கிடைக்கும்.)

அந்தத் தாளில் நான் ஒரு பிழை விட்டேன். அந்தப் பிழையால் ஒரு மனுஷியின் பதினொரு வருஷ உழைப்பு ஐந்தரை வருஷமாகிப் போனது. அதைத்தான் சொல்லப்போகிறேன். எப்படி முடிந்தது என்றும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஜெயித்தோம். சோகக் கதை வேண்டுமென்றால் வேறு கடை பாருங்கள்.

2

எழுதிக் கிழித்த தொடக்கங்கள்:

'மூடுபனி மலையின் தோளில் —'

வேண்டாம். ஹட்டனில் பேனா பிடித்த எல்லாரும் பனியில்தான் தொடங்குகிறார்கள். பனிக்கே அலுத்திருக்கும்.

'அன்று காலை ஏஞ்சலா தன்னிடமிருந்த ஒரே பட்டுச்சேலையை —'

அவர் என்ன சேலை கட்டியிருந்தார் என்று எனக்கு ஞாபகமே இல்லை. [ஏஞ்சலா: பட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. நீலக் கொட்டன் சேல. நேர்முகத்துக்குத்தானே போனேன், கல்யாணத்துக்கா போனேன்?]

இந்தச் சதுர அடைப்புகளுக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஏஞ்சலா டீச்சரிடம் காட்டினேன். ஓரமெல்லாம் எழுதித் திருப்பித் தந்தார். அவர் எழுதியதில் சிலவற்றை அப்படியே விட்டிருக்கிறேன். எல்லாவற்றையும் விட்டால் கதை அவருடையதாகிவிடும்.

'ஒரு பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முதலில் தேவைப்படுவது —'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஒரு பல்கலைக்கழகம் தொடங்குவதற்கு முதலில் தேவைப்படுவது கட்டடமும் இல்லை, புத்தகமும் இல்லை. யார் யாருக்கு மேலே என்கிற பட்டியல். அது இல்லாமல் ஒருவரைக்கூட நியமிக்க முடியாது. அதை எழுத நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! பேராசிரியரின் மேசை எத்தனை அடி, விரிவுரையாளரின் மேசை எத்தனை அடி என்று ஒரு கூட்டம் ஒன்றரை மணித்தியாலம் ஓடியது. மேசை வாங்க அப்போது எங்களிடம் வழியே இல்லை என்பது வேறு கதை. கூட்டக் குறிப்பு எழுதியவன் நான், பொய் சொல்லவில்லை.

எங்கள் பதிவாளர் மக்பூல் சேர். ஹட்டன் பஸாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன். என் அட்டவணையின் முதல் வரைவைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உபவேந்தரு பெரிய தொர. பீடாதிபதி சின்னத் தொர. நீ கந்தோர் கிளாக்கரு. யா அல்லாஹ், தோட்டத்தையே தூக்கிட்டு வந்து வச்சிருக்கியேப்பா!"

நானும் சேர்ந்து சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

கடைசியில் ஐந்து படி தேறியது. இந்தக் கதைக்கு அதில் இரண்டு போதும். வெளியிலிருந்து வருகிறவர் நுழைய இரண்டு வாசல்தான். ஒன்று, அடிப்படி: தகுதிகாண் விரிவுரையாளர். அதாவது, ஆள் தேறுவாரா என்று மூன்று வருஷம் பார்த்து வைத்திருப்பது. அதற்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்கக்கூடாது. மற்றது சிரேஷ்ட விரிவுரையாளர். வயது எல்லை கிடையாது. ஆனால் முதுமாணிப் பட்டமும், கற்பித்த சேவை ஆறு வருஷமும் வேண்டும்.

அந்தச் சேவையை எப்படிக் கணிப்பது? பேரவை, அதாவது எங்கள் பல்கலைக்கழகத்தை நடத்தும் ஒன்பது பேர் கொண்ட சபை, எனக்குத் தந்த கட்டளை ஒரே வரி: 'சேவைக்காலம் வருடங்களில் கணிக்கப்படும்.'

எனக்கு அது போதவில்லை. மொட்டையாகத் தெரிந்தது. ஒரு பின்னேரம் உட்கார்ந்து, விதி ஏழுக்குக் கீழே நானாகவே இன்னொரு வரி சேர்த்தேன்:

'வருடமொன்றுக்கு நூற்றெண்பது மணித்தியாலக் கற்பித்தல் பூர்த்தி செய்யப்படாதவிடத்து, அவ்வருடம் அரை வருடமாகக் கணிக்கப்படும்.'

யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை. எழுதி முடித்ததும், அடடா, என்ன கச்சிதம் என்று என்னையே மெச்சிக்கொண்டு டீ குடிக்கப் போனேன். அடுத்த கூட்டத்தில் அது சத்தமில்லாமல் நிறைவேறியது. பதினெட்டு நிரையையும் ஒருவரும் வாசிக்கவில்லை. மேசை பற்றிய நிரையை மட்டும் எல்லாரும் வாசித்தார்கள்.

4

ஏஞ்சலாவுக்கு நாற்பத்தாறு வயது. நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். அம்மா கொழுந்து பறித்தவர். எங்கள் பல்கலைக்கழகம் வருமுன் அதே கட்டடத்தில் ஒரு படிப்பு நிலையம் இருந்தது. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அங்கே பதினொரு வருஷம் சமூகவியல் நடத்தினார். [ஏஞ்சலா: சமூகவியல் மட்டுமா? ஆளில்லாதப்ப வரலாறு, பொருளியல், ஒரு தவண அளவையியலும் நான்தான். அதையும் எழுதுங்க.] எழுதிவிட்டேன். வருகைதரு விரிவுரையாளர் என்று பெயர். வருகை தருவார், விரிவுரை தருவார், நிலையம் அவருக்கு ஒரு நாற்காலிகூடத் தரவில்லை. வாரத்தில் வகுப்பு நடத்திக்கொண்டே, சனி ஞாயிறுகளில் கண்டிக்குப் பஸ் ஏறி முதுமாணி முடித்தார். அவரிடம் படித்தவர்களில் நாற்பது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள்.

எங்கள் சமூகவியல் துறைக்கு ஒரு சிரேஷ்ட விரிவுரையாளர் இடம் வந்தது. அவர் விண்ணப்பித்தார். அவருடைய சேவையை என் விதிப்படி நானே கணித்தேன். பதினொரு வருஷத்தில் ஒரு வருஷம்கூட நூற்றெண்பதைத் தொடவில்லை. நூற்று எழுபத்திரண்டு, நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபத்தைந்து என்று எல்லாமே விளிம்பில் வந்து நின்றன. பதினொன்றில் பாதி ஐந்தரை. வேண்டியது ஆறு.

மேல் படிக்கு அரை வருஷம் குறைவு. அடிப்படிக்கு ஒரு வயது கூட. இரண்டு வாசலும் பூட்டு. பூட்டியவன் நான். கணக்கு சரி என்று அடியில் சுருக்கொப்பம் வேறு வைத்தேன்.

5

பிழை பிடிபட்ட இடத்துக்கு என்னிடம் மூன்று வரைவு இருக்கிறது.

முதல் வரைவில், கூட்டத்துக்கு முதல்நாள் அட்டவணையைப் புரட்டுகிற ஜூட்சன் திடுக்கிட்டு எழுகிறான். 'ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!' என்று பதிவாளரின் அறைக்கு ஓடுகிறான், கதவைத் தள்ளித் திறந்து —

பச்சைப் பொய். எனக்கு எதுவும் படவில்லை. அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டாம் வரைவில் அந்தோனியம்மா என்று ஒரு பேரவை உறுப்பினரை உண்டாக்கினேன். முப்பது வருஷம் மலையில் கொழுந்து பறித்தவர், வெற்றிலை வாய், ஒரே பார்வையில் பிழையைப் பிடிக்கிறார், சபை வாயடைத்துப் போகிறது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. ஏஞ்சலா அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு போட்டார். [ஏஞ்சலா: யாரு இந்த அம்மா? நான் வாயில்லாமலா உக்காந்திருந்தேன்? நான் கேட்டத எதுக்கு இன்னொரு ஆளுக்குத் தூக்கிக் குடுக்குறீங்க?]

நியாயம்தான். ஒரு நாற்பத்தாறு வயது மனுஷி தனக்காகத் தானே பேசினாள் என்று எழுத எனக்கு ஏன் கை வரவில்லை? அவர் பேசியது என்னைப் பற்றி. அதனால்தான். அந்தோனியம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள், நீங்கள் எழுந்து போகலாம்.

மூன்றாவது, நடந்தது.

6

ஜூலை மாதம், பேரவைக் கூட்டம். வெளியே மழை. உபவேந்தர் முத்துலிங்கம் நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்லும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார், எதிரில் இருப்பவரின் முகம் தெரியாமல் இருக்க. அன்றும் கழற்றினார்.

"ஏஞ்சலா டீச்சர், நீங்க படிச்சிக் குடுக்குறதப் பத்தி எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. சேவைக்காலம் அரை வருஷம் கொறையுது. நீங்க ஏதாச்சும் சொல்றதா இருந்தா சொல்லுங்க."

"அந்த விதிய நான் பார்க்கலாமா சேர்?"

நான்தான் எழுந்து போய் அட்டவணையையும் என் கணிப்புத் தாளையும் கொடுத்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு நிரையாக விரலை ஓட்டி வாசித்தார். விதி ஏழில் விரல் நின்றது. ஒரு தடவை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"இத எழுதுனது யாருங்க சேர்?"

"அது பேரவையோட விதி."

"பேரவ சரி. எழுதுன கை ஒண்ணு இருக்கும்ல. அந்த ஆளோட அப்பா கணக்கப்புள்ளையா?"

மேசையைச் சுற்றியிருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பின. என் அப்பா இக்னேசியஸ் முப்பத்தொரு வருஷம் கணக்கப்பிள்ளை. ஹட்டன் முழுக்கத் தெரியும்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. ஆனால் அடியில் போட்டால் வாசிக்கமாட்டீர்கள். தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்'. பின்னேரம் தராசில் குறித்த கிலோ நின்றால் கணக்கப்பிள்ளை பதிவேட்டில் முழுப்பேர் போடுவார். குறைந்தால் அரைப்பேர், அதாவது காலையிலிருந்து மலையில் நின்றவர் அரை நாள்தான் வேலை செய்ததாகக் கணக்கு. மழை பெய்ததா, செடியில் கொழுந்து இருந்ததா என்று தராசு கேட்காது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியது அப்பாவின் அந்தப் பதிவேட்டில்தான். முழு, அரை, அரை, முழு. அது என் எலும்புக்குள் போய்விட்டிருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு விதி எழுதச் சொன்னால், கை தன்னால் அதையே எழுதியிருக்கிறது.)

ஏஞ்சலா அட்டவணையை மேசையில் வைத்தார். குரல் உயரவில்லை.

"எங்கம்மா பேருக்கு நேராவும் இதே கணக்குத்தான் போட்டாங்க சேர். அங்க கிலோ, இங்க மணித்தியாலம். வேற ஒரு வித்தியாசமும் இல்ல. வருஷா வருஷம் ஆடி மழைக்கு மண்ணு சரிஞ்சி ரோட்டு ஒடையும். பஸ் வராது. பிள்ளைங்க வர முடியாது. நான் வந்தேன். மூணு கட்ட தூரம் நடந்து வந்து, கதவத் தெறந்து, வரவுப் புத்தகத்துல கையெழுத்துப் போட்டுட்டு, பன்னெண்டு மணி வரைக்கும் வெறும் பெஞ்சுகளப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். அந்தக் கையெழுத்து எல்லாம் இருக்கு. அந்த மணித்தியாலத்த எல்லாம் கழிச்சிட்டுத்தான் இவரு நூத்தியெழுபத்திரெண்டுன்னு எழுதியிருக்காரு. வந்து நின்ன ஆளுக்கு அரைப்பேராங்க சேர்?"

எனக்குக் காது இரண்டும் சுட்டன. அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் பட்டதில்லை. ஏஞ்சலாவின் கண்கள் கலங்கியிருந்ததாக — [ஏஞ்சலா: கலங்கல. எனக்குக் கோபம். கோபம்னு எழுதுங்க.]

கோபம்.

7

"விதி போன கூட்டத்துல நெறவேறிருச்சி," என்றார் உபவேந்தர் மெதுவாக. "மாத்தணும்னா மூணு மாசம் அறிவித்தல் குடுக்கணும். அதுக்குள்ள இந்த எடம் வெளி விளம்பரத்துக்குப் போயிரும்."

மக்பூல் சேர் பழைய கூட்டக் குறிப்பைத் தேடி எடுத்து விரித்தார்.

"சேர், அட்டவணைய எழுதச் சொன்ன பேரவ தீர்மானத்துல ஒரு வரிதான் இருக்கு. இந்த அரை வருஷ வரி அதுல இல்ல. வரைஞ்சவரு சேர்த்தது. வரைவுப் பிழைன்னா பதிவாளரு இன்னைக்கே வெட்டலாம், விதியில எடம் இருக்கு. ஆனா," என்று என்னைப் பார்த்தார், "சேர்த்தவரு தன் கைப்பட ஒத்துக்கிட்டு எழுதித் தரணும். அது அவரோட கோப்புக்குப் போகும்."

அந்த 'ஆனா' என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நானும் அப்போது தகுதிகாண் காலத்தில்தான் இருந்தேன். இன்னும் ஐந்து மாதத்தில் என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். பேரவையின் தீர்மானத்துக்குள் தன் இஷ்டத்துக்கு ஒரு வரி செருகியவன் என்று என் கையெழுத்திலேயே ஒரு தாள் அதில் கிடந்தால் —

வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

கதாநாயகன் என்றால் இங்கே உடனே பேனாவை எடுக்க வேண்டும். 'ஒரு கணமும் தயங்காமல் ஜூட்சன் —' என்று எழுதியும் பார்த்தேன். தயங்கினேன் ஐயா, தயங்கினேன். நான்கு நிமிஷம். சுவர்க் கடிகாரம் எனக்கு நேரே இருந்தது. முதல் நிமிஷம், ஒன்பது பேர் வாசிக்காமல் கையைத் தூக்கினால் அது என் பிழையா என்று மனசுக்குள் வழக்காடினேன். நல்ல கேள்வி, இன்னும் பதில் இல்லை. அடுத்து என் மனைவி அனுஷ்கா நினைவுக்கு வந்தாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம். பிறகு அப்பா. அவர் கொடியவர் இல்லை. மேலேயிருந்து வந்த அளவைப் பார்த்துப் பேர் போட்டார், போடாவிட்டால் அவர் வேலை போயிருக்கும். எனக்கு மேலேயிருந்து யாரும் சொல்லவில்லையே! ஒருவரும் கேட்காமல், கச்சிதமாக இருக்கிறது என்று நானாகவே அல்லவா போட்டேன்! அது குத்திய குத்தில் தாள் கேட்டேன்.

'விதி ஏழின் கீழுள்ள அரை வருட வரி பேரவையால் கட்டளையிடப்பட்டதன்று. அதை நானே சேர்த்தேன். அது பிழை.' கையொப்பம், திகதி.

மக்பூல் சேர் வாங்கி வாசித்தார். அடிமட்டக் கோலை வைத்து அந்த வரியை ஒரே கோட்டில் வெட்டினார். உபவேந்தர் மூக்குக் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு வருஷங்களைக் கூட்டினார்.

"அப்ப மொத்தம் பதினொண்ணா?"

"பதினொண்ணுதான் சேர்," என்றார் ஏஞ்சலா. "நான் அங்கதானே இருந்தேன்."

ஒன்பது கைகளும் மேலே போயின. இந்தத் தடவை எல்லாரும் வாசித்துவிட்டுத்தான் தூக்கினார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒருவர் விடாமல்.

8

பள்ளிக்கூடம் விட்ட கையோடு அவருடைய பழைய மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். யார் சொன்னார்களோ தெரியாது. மஸ்கெலியாவிலிருந்து, கொட்டகலையிலிருந்து, சாக்பீஸ் தூள் படிந்த சேலையோடு டீச்சர்மார், மழைக்கோட்டோடு மாஸ்டர்மார். பெக்டரி முற்றம் நிறைந்து போனது. மழையில் வெடி பற்றவில்லை, மூன்று பெட்டித் தீக்குச்சி வீணானது, நான்காவது பெட்டியில் பற்றியது. வாட்டு மாடியின் தகரமெல்லாம் அதிர்ந்தது. ஏஞ்சலா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "போதும் விடுங்கப்பா, நாளைக்குப் பாடத்திட்டம் எழுதணும்!" என்று கத்தினார். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷம். இதைச் சொல்ல எனக்கு ஒரு உவமையும் வேண்டாம்.

அந்த ஒரே கோடு வேறு துறைகளுக்கும் இன்னும் மூன்று பேரை உள்ளே கொண்டுவந்தது. அவர்களும் மழையில் வந்து நின்றவர்கள்தான். விண்ணப்பங்களை மறுபடி எடுத்துக் கணித்ததும் நான்தான். இந்த முறை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் சுருக்கொப்பம் வைத்தேன்.

உன் வேலை என்னாயிற்று என்று கேட்பீர்கள். முடிவு அ: டிசம்பரில் கோப்பைத் திறந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், மூடினார்கள், நான் இப்போது அனுஷ்காவின் அண்ணன் கடையில் நிற்கிறேன். முடிவு ஆ: கோப்பைத் திறந்தார்கள், தாளைப் பார்த்தார்கள், நிரந்தரமாக்கினார்கள், மேசை நான்கு அடி. எது நடந்தது என்று சொல்லமாட்டேன். சொன்னால், திருந்தியவனுக்கு என்ன கிடைத்தது என்கிற கதையாகிவிடும். பூட்டைப் போட்டவன் பூட்டைத் திறந்ததற்கு மாலை கேட்கக்கூடாது. [ஏஞ்சலா: இது சரி.]

9

கடைசியாக ஒன்று. இது என் கோப்பைத் திறப்பதற்கு மூன்று வாரம் முன்பு நடந்தது.

நவம்பர் மழையில் மண் சரிந்து மஸ்கெலியா பாதை மூடிவிட்டது. எங்கள் சமூகவியல் மாணவர்கள் எல்லாரும் ரயிலில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து பஸ் ஏறுகிறவர்கள். காலை எட்டரைக்கு நான் சமூகவியல் மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. ஏஞ்சலாவும் இல்லை. 'வகுப்பு நடைபெறவில்லை' என்று பதியப் பேனாவைத் திறந்தேன். தொலைபேசி அடித்தது.

"தம்பி, பிள்ளைங்க ஹட்டன் ஸ்டேசன்ல மாட்டிக்கிட்டாங்க. அவங்க அங்க வர முடியாது. அதான் நான் இங்க வந்துட்டேன். ரெண்டாம் மேடையில வகுப்பு நடக்குது. ஸ்டேசன் மாஸ்டரு பெஞ்சி போட்டுக் குடுத்திருக்காரு."

"ரோடு மூடியிருக்கே டீச்சர், எப்படிப் போனீங்க?"

"சரிஞ்ச மண்ணு மேல ஏறி எறங்கித்தான். அந்தப் பக்கம் ஆட்டோ கெடச்சிச்சி. அத விடுங்க. வரவுப் படிவத்துல 'மண்டப இலக்கம்'னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்கீங்களே, அதுல என்னத்த எழுதுறது?"

அந்தப் படிவத்தையும் வரைந்தவன் நான். அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் வகுப்பு நடந்ததாகவே கணக்கில் வராது. அந்த விதியும் என்னுடையதுதான்.

"எத்தன பேரு டீச்சர் வந்திருக்காங்க?"

"முப்பத்தெட்டு. மிச்ச நாலு பேரு அடுத்த ரயில்ல வர்றாங்களாம்." ரயில் ஊதுகிற சத்தம். பிள்ளைகளின் சிரிப்பு. பிறகு, தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "விஜிதரன், கோட்டத் தாண்டி நிக்காத!" மறுபடி என்னிடம்: "வந்த அத்தன பேருக்கும் முழுப்பேரு போட்டுட்டேன். இந்த ஒரு கட்டம்தான் பாக்கி. சொல்லுங்க, என்ன எழுத?"

நான் என்ன சொன்னேன் என்பது பேரவைக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. இத்தனை விதி நான் எழுதியாகிவிட்டது, இது ஒன்றை நீங்கள் எழுதுங்கள். இதோ படிவம்.

மண்டப இலக்கம்: ........................

கொஞ்சம் சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார்.